தெரிந்தே சறுக்குவது

கிளைடர் விமானத்தின் முன்கண்ணாடியில், விமானியின் கண்ணுக்கு நேராக, ஒரு சாண் நீளக் கம்பளி நூலை ஒட்டி வைத்திருப்பார்கள். ஒரு முனை ஒட்டியிருக்கும், மறுமுனை காற்றில் விட்டிருக்கும். எஞ்சின் இல்லாத அந்த ஊர்தியில் விலையுயர்ந்த கருவிகள் எத்தனை இருந்தாலும் விமானியின் பார்வை அடிக்கடி போய்த் திரும்புவது இந்த நூலிடம்தான். மூக்கு பார்க்கும் திசையிலேயே உடலும் போய்க்கொண்டிருந்தால், நூல் கண்ணாடியின் நடுவில் வகிடு எடுத்ததுபோல நேராகப் படுத்துக் கிடக்கும். மூக்கு ஒரு பக்கம் பார்க்க, உடல் இன்னொரு பக்கம் நகர்ந்தால் நூல் சாய்ந்துவிடும். ரைட் சகோதரர்கள் தங்கள் கிளைடரில் கட்டிப் பார்த்த அதே நூல்தான். மின்சாரம் வேண்டாம், பழுது பார்க்க ஆள் வேண்டாம்.

பயணிகள் விமானத்தில் நூலுக்குப் பதிலாகத் திரையில் ஒரு குறி இருக்கிறது. செயற்கை அடிவானத்தின் உச்சியில் ஒரு சின்ன முக்கோணம், அதன் அடியில் ஒரு குட்டிப் பட்டை. பட்டை முக்கோணத்துக்கு நேர் கீழே நின்றால் எல்லாம் சரி. அது விலகியதை முதலில் சொல்வது பெரும்பாலும் விமானியின் கண்ணாக இருக்காது. கடைசி வரிசையில் காபிக் கோப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் வயிறாகத்தான் இருக்கும். ஒரு விமானி தன் பணிக்காலம் முழுவதும் அந்தப் பட்டையை நேராக வைத்திருக்கவே சம்பளம் வாங்குகிறார் என்று சொன்னால் கொஞ்சம் மிகை, ஆனால் பொய்யில்லை.

நூலை வேண்டுமென்றே சாய்ப்பதற்குத்தான் பக்கச் சறுக்கல் என்று பெயர். தமிழில் இந்தச் சொல் கொஞ்சம் இடறுகிறது. நம் மொழியில் சறுக்கல் ஒருவருக்கு நேர்வது, ஒருவர் செய்வதல்ல. ஆனைக்கும் அடி சறுக்கும் என்கிறோம். அரசியல்வாதிக்குச் சறுக்கல், பங்குச்சந்தையில் சறுக்கல், மகனுக்குப் பத்தாம் வகுப்பில் சறுக்கல். தெரிந்தே, ஆசையோடு சறுக்குவது பூங்காவில் சறுக்குமரம் ஏறும் பிள்ளைகள் மட்டும்தான். ஆனால் ஆனை போன்ற ஒரு விமானத்தை, உள்ளே ஆட்களை வைத்துக்கொண்டே, ஒரு மனிதர் தெரிந்து சறுக்கவிட்டிருக்கிறார்.

1983 ஜூலை 23, கனடா. மாண்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் போகும் ஏர் கனடா 143. விமானம் அப்போது புத்தம்புதிதாக வந்திருந்த போயிங் 767. கேப்டன் ராபர்ட் பியர்சன், துணை விமானி மோரிஸ் குவின்டால். பயணிகள் 61, ஊழியர்கள் 8.

அந்த விமானத்தின் எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. அதனால் மாண்ட்ரியாலில் தொட்டியில் குச்சி விட்டு அளந்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. எட்மன்டன் வரை போக 22,300 கிலோ வேண்டும். லிட்டரைக் கிலோவாக்க ஏறக்குறைய 0.8-ஆல் பெருக்க வேண்டும். அவர்கள் பெருக்கியது எரிபொருள் ரசீதில் இருந்த 1.77-ஆல். அது லிட்டரைப் பவுண்டாக்கும் எண். நாடு அப்போதுதான் மெட்ரிக் அளவைக்கு மாறிக்கொண்டிருந்தது. நிறுவனத்தின் மற்ற விமானங்கள் பவுண்டிலும் இந்தப் புது விமானம் கிலோவிலும் கணக்குப் போட்டன. பழைய பெரிய விமானங்களில் இந்த வேலைக்கென்றே ஃபிளைட் எஞ்சினியர் என்று மூன்றாவதாக ஒருவர் இருப்பார். 767-இல் இருவர்தான். மூன்றாமவரை எடுத்தவர்கள் அவருடைய கணக்கை யார் தலையில் கட்டுவது என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். 4,916 லிட்டர் ஊற்றினால் போதும் என்று விடை வந்தது. ஊற்றியிருக்க வேண்டியது 20,000 லிட்டருக்கும் மேல். ஒட்டாவாவில் மறுபடியும் அளந்தார்கள், மறுபடியும் அதே எண்ணால் பெருக்கினார்கள். தவறான வாய்ப்பாட்டைக் கொண்டு எத்தனை முறை சரிபார்த்தாலும் அது தன்னைச் சரி என்றுதான் சொல்லும்.

41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீரத் தொடங்கி, எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எஞ்சின் நின்றால் மின்சாரமும் நின்றுவிடும், சுக்கானையும் இறக்கைப் பலகைகளையும் அசைக்கும் ஹைட்ராலிக் விசையும் போய்விடும். புதுப் பெருமையான திரைகள் எல்லாம் இருண்டன. பேட்டரியில் ஓடும் நாலைந்து பழைய பாணிக் கருவிகளே மிச்சம். விமானத்தின் வயிற்றிலிருந்து ஒரு காற்றாடி தானாக வெளியே விழுந்து, எதிர்காற்றில் சுற்றி, கட்டுப்பாடுகளை அசைக்கும் அளவுக்கு விசை கொடுத்தது. வின்னிபெக் விமான நிலையம் வரை மிதந்து போக முடியாது என்று கணக்கு சொன்னது. விமானப்படையில் இருந்த காலத்தில் தான் வேலை பார்த்த கிம்லி தளம் குவின்டாலுக்கு நினைவுக்கு வந்தது. மூடப்பட்ட தளம். அதன் ஒரு ஓடுபாதை கார்ப் பந்தயத் தடமாகிவிட்டது என்பது அவருக்குத் தெரியாது. அன்றைக்கு ஒரு கார் கிளப்பின் குடும்ப விழா. ஓடுபாதையோரம் கூடாரங்கள், வண்டிகள், அடுப்புகள், சைக்கிள் ஓட்டும் பையன்கள்.

இதுவரை கதை உயரம் போதாத கதை. ஓடுபாதை கண்ணில் பட்டதும் அது உயரம் மிஞ்சிய கதையாக மாறியது.

மூக்கைக் குத்தி இறங்கினால் உயரம் குறையும், ஆனால் வேகம் ஏறும். மலைச்சாலையில் பிரேக்கை விட்டதுபோல. இறக்கையின் பின்விளிம்பில் இறங்கி வேகத்தைக் குறைத்துத் தரும் ஃபிளாப், மேற்பரப்பில் நிமிர்ந்து காற்றைத் தடுக்கும் ஸ்பாய்லர் இரண்டுக்கும் தேவையான விசை இல்லை. ஒரு வட்டம் அடித்து வரலாம்தான். ஆனால் பாதி வட்டத்திலேயே மரங்களுக்குள் போய்விடவும் கூடும். பியர்சன் ஓய்வு நேரங்களில் கிளைடர் ஓட்டியவர். கை ஒரு பக்கமும் கால் எதிர்ப்பக்கமும் போயின.

வானூர்தி ஓட்டக் கற்பவருக்கு முதல் நாளிலிருந்து சொல்லிக் கொடுப்பது கையும் காலும் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான். இடப்பக்கம் திரும்ப வேண்டுமா? கையால் இடப்பக்கம் சாய், கூடவே இடது பெடலை மிதி. சறுக்கலில் இந்த ஒற்றுமையைக் கலைக்க வேண்டும். இறக்கையை ஒரு பக்கம் சாய்த்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பவிடாமல் எதிர்ப்பக்கப் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். விமானம் திரும்பவும் முடியாமல் நேராகவும் நிற்க முடியாமல், விலாவைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு போகும். ஆடிக் காற்றில் தகரத் தட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விளிம்பைக் காட்டினால் காற்று பிளந்து வழிவிடும். அகலத்தைக் காட்டினால் ஆளையே நிறுத்திவிடும். அந்த நிறுத்தும் விசையைத்தான் விமானி கடன் வாங்குகிறார். மூக்கு கீழே போகிறது, உயரம் கரைகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை. ஃபிளாப் இல்லாத டைகர் மாத் காலத்தில் இது அன்றாட வேலை. அந்தத் தலைமுறை விமானிகள் சைக்கிளில் கால் ஊன்றி இறங்குவதுபோலச் சறுக்கி இறங்கினார்கள்.

ஆனால் டைகர் மாத் துணியும் மரமுமாக ஒரு டன் கூட இல்லாத ஊர்தி. கிம்லிக்கு மேலே அன்று சரிந்து வந்தது 80 டன்னுக்குக் குறையாத இரும்பும் அலுமினியமும். ஒரு பக்க ஜன்னலில் வானம் மட்டும். மறுபக்க ஜன்னல் முழுக்கத் தரை, கோல்ஃப் மைதானத்தின் புல். எஞ்சின் ஓசை இல்லை. வேகம் குறையக் குறைய அந்த வயிற்றுக் காற்றாடியும் சோர்ந்தது. கட்டுப்பாடுகள் கையில் கனத்தன. விமானத்தைச் சறுக்கலிலிருந்து மீட்டு நேராக்க விசை தேவைப்படும் நேரமும் விசை குறையும் நேரமும் ஒன்றாகவே வந்தன. கடைசியில் நேராக்கினார். தரை தொட்டதும் டயர்கள் வெடித்தன. ஈர்ப்பு விசையில் விழுந்து பூட்டிக்கொள்ளாமல் தொங்கிய முன்சக்கரம் மடங்கியது. பந்தயத் தடத்தின் நடுவே போட்டிருந்த இரும்புத் தடுப்பில் மூக்கை உரசிக்கொண்டு விமானம் நின்றது. எஞ்சின் நின்று 17 நிமிடங்கள் ஆகியிருந்தன. 69 பேரும் பிழைத்தார்கள். வால் உயர்ந்து நின்றதால் பின்பக்கச் சறுக்குப் பலகை செங்குத்தாகிவிட, அதில் இறங்கிய சிலருக்குச் சிறு காயங்கள். பிள்ளைகளின் சறுக்குமரம்தான் கடைசியில் சிராய்ப்பு தந்தது.

இவ்வளவு நல்ல வித்தை என்றால், உயரம் மிஞ்சி வரும் எந்த விமானியும் இதைச் செய்யலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. யோசிக்க யோசிக்க, கூடாது என்ற பக்கமே நான் சாய்கிறேன். பயணிகள் பயந்துவிடுவார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் மிக அற்பமானது. ஜெட் விமானத்தின் பின்னோக்கி வளைந்த இறக்கைகள் பக்கவாட்டுக் காற்றை விரும்புவதில்லை. காற்று வரும் பக்கத்து இறக்கை விசுக்கென்று மேலே எழும், மற்றது தாழும், அதைப் பிடித்து வைக்கக் கை நிறைய வேலை. காற்று நேராக மோதும் என்று நம்பிச் செய்த வேகமானி, காற்று சாய்ந்து வரும்போது சரியாகச் சொல்லும் என்று நம்பியிருக்க முடியாது. தரைக்குப் பக்கத்தில், மெதுவான வேகத்தில், வேகமானியையும் சந்தேகித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து போவது யாருக்கும் பிடித்த நிலையல்ல. சாதாரண செஸ்னா 172-இல்கூட ஃபிளாப்பை அதிகம் இறக்கிவிட்டுச் சறுக்குவதைத் தவிர்க்கச் சொல்லும் கையேடுகள் உண்டு.

ஆனால் உண்மையான காரணம் இயற்பியலில் இல்லை. எஞ்சின் ஓடும் விமானத்துக்கு உயரம் மிஞ்சினால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. உந்துவிசையைக் கூட்டி, மேலே ஏறி, சுற்றி வந்து மறுபடி இறங்குவது. கோ-அரவுண்ட் என்பார்கள். தரையிலிருந்து 1,000 அடியில், வானம் தெளிவாக இருந்தால் 500 அடியில், வேகம், இறங்கும் விகிதம், ஃபிளாப், சக்கரம் எல்லாம் அதனதன் இடத்தில் அமைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கேள்வியே கேட்காமல் திரும்பிப் போக வேண்டும். இது கோழைத்தனமல்ல. அந்த நேரத்தில் விமானியின் சாமர்த்தியத்தை நம்பாமலிருப்பதற்காகவே செய்துவைத்த ஏற்பாடு.

2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812 இருக்க வேண்டிய உயரத்துக்கு மிகவும் மேலே வந்தது. பயணத்தின் பெரும்பகுதியில் கேப்டன் தூங்கியிருந்தார் என்று விசாரணை சொன்னது. துணை விமானி சுற்றிப் போகச் சொன்னார். கேப்டன் இறக்கினார். 8,000 அடி நீள ஓடுபாதையில் ஏறக்குறைய 5,200 அடி கழித்துத்தான் சக்கரம் தொட்டது. மலையைச் சீவி மேசைபோல ஆக்கிய ஓடுபாதை அது, முடிகிற இடத்தில் பள்ளம். 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். அவர் சறுக்கத் தெரிந்தவராக இருந்திருந்தால் என்று ஒரு நொடி மனம் போகிறது. போகக் கூடாது. அவரிடம் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்கள் இரண்டு இருந்தன. பியர்சனிடம் இல்லாதது அதுதான். எப்படியாவது இறக்கிவிடலாம் என்ற எண்ணத்தில் இருப்பவருக்கு இன்னொரு வித்தையைக் கற்றுக் கொடுத்தால், அந்த எண்ணத்துக்கு இன்னும் கொஞ்சம் உயிர் கூடும், அவ்வளவுதான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பயணிகள் விமானங்கள் சறுக்குவதே இல்லை என்பது உண்மையல்ல. குறுக்குக் காற்றில் இறங்கும் விமானத்தைத் தரையிலிருந்து பார்த்தால் நண்டுபோலச் சாய்வாக வருவது தெரியும். அக்கரையில் ஒரு படித்துறையைக் குறிவைக்கும் தோணிக்காரர் ஆற்றோட்டத்துக்கு எதிராகக் கொஞ்சம் முனையைத் திருப்பி வைத்துக்கொள்வதுபோல. இது சறுக்கல் அல்ல. நூல் அப்போதும் நேராகவே இருக்கும். ஆனால் அந்தக் கோணத்திலேயே தரை தொட்டால் டயர்கள் குறுக்கே இழுபடும். அதனால் தொடுவதற்குச் சற்று முன் காலால் மூக்கை ஓடுபாதைக்கு நேராக்கி, காற்று அடித்துக்கொண்டு போகாமலிருக்க அது வரும் பக்கத்து இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்துகிறார்கள். கையும் காலும் எதிரெதிராக. சில நொடிகளே நடக்கும் குட்டிச் சறுக்கல். போயிங்கின் பயிற்சிக் கையேட்டிலேயே குறுக்குக் காற்றுக்கான முறைகளில் ஒன்றாக இது இருக்கிறது. இறக்கைக்கு அடியில் தொங்கும் எஞ்சின் தரையில் தட்டிவிடும் என்பதால் அதிகம் சாய்க்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. பயணிகளை ஏற்ற அனுமதி பெறும் முன் ஒவ்வொரு வகை விமானத்தையும் சோதனை விமானிகள் வேண்டுமென்றே சறுக்கிப் பார்க்க வேண்டும் என்பது விதி. பெடலை மிதித்து, எதிர்ப்பக்கம் சாய்த்து, நேர்கோட்டில் பிடித்துக்கொண்டு, விட்டால் தானாக ஒழுங்குக்கு வருகிறதா என்று காட்ட வேண்டும். முழு பெடலை மிதித்து, பிடித்து, திரும்ப விட்டால் வால்துடுப்பு தாங்குமா என்றும் கணக்குக் காட்ட வேண்டும். ஆக, விமானத்துக்குச் சறுக்கத் தெரியும். பரீட்சையில் தேறித்தான் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு அதை யாரும் கேட்பதில்லை.

கேட்டவிதம் தவறிப்போன ஒரு நாளும் உண்டு. 2001 நவம்பர் 12, நியூயார்க். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, ஏர்பஸ் ஏ300. முன்னால் கிளம்பிப் போன 747 விட்டுச்சென்ற காற்றுச் சுழலில் விமானம் லேசாகக் குலுங்கியது. ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி பெடலை மிதித்தார். ஒரு பக்கம், உடனே மறுபக்கம், மறுபடி இந்தப் பக்கம். சில நொடிகளுக்குள் வால்துடுப்பு முறிந்து பிய்ந்தது. விமானத்தில் 260 பேர், விழுந்த குடியிருப்பில் 5 பேர் இறந்தார்கள். தேவையில்லாத, அளவுமீறிய பெடல் மிதிப்பே காரணம் என்றது விசாரணை. கூடவே, மிக லேசான அழுத்தத்துக்கே மிகையாக அசைந்த அந்தச் சுக்கான் அமைப்பையும், நிறுவனம் கொடுத்த பயிற்சியையும் சேர்த்துக் குறிப்பிட்டது. தடுமாறும் விமானத்தை மீட்கக் காலைப் பயன்படுத்தும்படி நல்லெண்ணத்தோடு சொல்லிக் கொடுத்த பயிற்சி. குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே இருந்தால் எப்படி மிதித்தாலும் விமானம் தாங்கும் என்று அன்றுவரை பல விமானிகள் நம்பினார்கள். ஒருமுறை மிதித்துப் பிடித்து விடுவதைத்தான் விதி சோதித்திருந்தது. மாறி மாறி மிதிப்பதை அல்ல.

கிம்லியில் மிதித்த காலையும் நியூயார்க்கில் மிதித்த காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், எந்த விமானியும் சறுக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்று நினைக்கிறேன். இரண்டும் பெடல்தான், இரண்டும் பழக்கம்தான். ஒன்று பல வார இறுதிகளில், கம்பளி நூல் சாய்வதைப் பார்த்துப் பார்த்து, காற்றின் இரைச்சல் மாறுவதைக் காதால் கேட்டு, எங்கே விட வேண்டும் என்பது வரை உடம்பில் ஊறியது. மற்றொன்று வகுப்பறையிலும் சிமுலேட்டரிலும் ஓர் ஆபத்துக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது. ஆபத்து என்று உடம்பு நினைத்த கணத்தில் அது தானாகப் பாய்ந்தது. பியர்சனின் கால் மெல்லப் போய், நின்று, மெல்லத் திரும்பியது. அந்த மெதுவைக் கையேட்டில் ஒரு பத்தியாக எழுத முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே எல்லா விமானிகளுக்கும் சறுக்கலைப் பாடமாக வையுங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்து, ஒருவருக்கும் தேவைப்படாமல், பத்துப் பேர் தவறான நாளில் நினைவுகூர்ந்தால் என்ன செய்வது? ஆனால் விடுமுறையில் கிளைடர் ஓட்டப் போகும் விமானி என் விமானத்தின் முன்னறையில் உட்கார்ந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். நிறுவனம் கொடுக்காத, கொடுக்க முடியாத அறிவு அது. சொந்தக் காசில், சொந்த ஞாயிற்றுக்கிழமையில் வாங்கியது.

சறுக்காமலும் மிதந்து இறங்கியவர்கள் உண்டு. அதே 2001 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலுக்கு மேல் எரிபொருள் கசிந்து இரண்டு எஞ்சினும் நின்ற ஏர் டிரான்சாட் 236-ஐ ராபர்ட் பிஷே அசோர்ஸ் தீவில் இறக்கினார், 306 பேரோடு. அவருக்கும் கடைசியில் உயரம் மிஞ்சியது. ஆனால் ஒரு முழு வட்டமும் சில வளைவுகளும் போட்டுக் கரைக்கும் அளவுக்கு மிஞ்சியது. வட்டம் போட முடிந்தவர் ஏன் சறுக்க வேண்டும்? பியர்சனிடம் இருந்தது வட்டத்துக்குப் போதாத, நேராக வர ஒவ்வாத ஓர் இடைப்பட்ட உயரம். அந்த உயரத்துக்காக மட்டுமே இருக்கிற வித்தை இது.

கிம்லிக்குப் பிறகு நிறுவனம் பியர்சனை ஆறு மாதம் பதவி இறக்கியது. குவின்டாலை இரண்டு வாரம் வேலையிலிருந்து நிறுத்தியது. 1985-இல் சர்வதேச வானூர்திக் கூட்டமைப்பு இருவருக்கும் சிறந்த விமானத் திறனுக்கான பட்டயம் கொடுத்தது. கணக்குக்குத் தண்டனை, காலுக்குப் பரிசு. இரண்டுமே நியாயம் என்று வாதாடலாம். எரிபொருளைச் சரியாகப் பெருக்கியிருந்தால் கிம்லியின் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

விமானத்துக்கு மட்டும் தண்டனை எதுவும் இல்லை. இரண்டு நாளில் ஓரளவு சீர் செய்து அந்த ஓடுபாதையிலிருந்தே பறக்கவிட்டார்கள். முழுதாகப் பழுது பார்த்த பின் அது மறுபடி பயணிகளை ஏற்றத் தொடங்கியது. அடுத்த 24 வருடங்கள் அதே இருக்கைகளில் யார் யாரோ உட்கார்ந்து, சீட் பெல்ட் போட்டுக்கொண்டு, சாப்பாடு எப்போது வரும் என்று பார்த்திருந்தார்கள். 2008 ஜனவரியில் மாண்ட்ரியாலிலிருந்து கிளம்பி, கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் பழைய விமானங்களை நிறுத்தும் இடத்துக்குப் போனது. வழியனுப்பும் பயணத்தில் பியர்சனும் குவின்டாலும் இருந்தார்கள். ஓட்டியது வேறு ஆட்கள். எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருக்க, ஃபிளாப் இறங்கி, மற்ற எல்லா விமானங்களையும் போலவே அது தரை தொட்டது.